தனிமமும் அணுவும்: பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பிள்ளைகளுக்கு அணுவைப் பற்றிச் சொல்லித்தர உட்கார்ந்தால் பெரும்பாலானோர் முதலில் தாளில் ஒரு வட்டம் போடுவார்கள். அதைச் சுற்றி இன்னும் இரண்டு வட்டம், அவற்றின் மேல் நாலைந்து புள்ளிகள். நடுவில் உட்கரு, சுற்றிலும் எலக்ட்ரான், பாடம் முடிந்தது. பிள்ளைகளும் அதே படத்தை அழகாகத் திருப்பி வரைந்து காட்டுவார்கள். ஆனால் அந்தப் படத்துக்கும் கையில் இருக்கும் இரும்பு ஆணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் விழிப்பார்கள்.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. முதலில் கையால் தொடும் பொருள், அடுத்து அதைப் பிரிக்க முடிகிறதா என்ற சோதனை, அதற்கப்புறம் அணு, கடைசியில்தான் தனிம அட்டவணை. வேதியியலே இப்படித்தான் வளர்ந்தது. 1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 33 எளிய பொருள்களைப் பட்டியலிட்டபோது அணுவை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. எந்த வழியிலும் இதற்கு மேல் பிரிக்க முடியவில்லையா, அப்படியென்றால் இதைத் தனிமம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவுதான் அவருடைய அளவுகோல். டால்டனின் அணுக்கொள்கை 1808இல் வந்தது. எலக்ட்ரான் தெரியவந்தது 1897இல், உட்கரு 1911இல். அறிஞர்களுக்கே நூறு வருடத்துக்கு மேல் பிடித்த பாதை இது. ஒரே மாலையில் இதைக் கடக்க நினைக்க வேண்டாம்.

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதைவிடச் சிறியவர்களுக்கு முதல் படியும் இரண்டாம் படியின் பாதியும் போதும். அணு என்ற பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முதல் படி: கையில் தொடும் தனிமங்கள்

118 தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லித் தொடங்காதீர்கள். நாலைந்தை மேசை மேல் வையுங்கள். மேலுறை உரித்த செம்புக் கம்பி, அலுமினியத் தாள், இரும்பு ஆணி, ஒரு துண்டு அடுப்புக்கரி, இரு முனையும் சீவிய பென்சில். பென்சிலின் நடுவில் இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன். அதில் களிமண்ணும் கலந்திருக்கும். கரியும் முழுக்கக் கார்பன் அல்ல, பெரும்பகுதி கார்பன். இந்தச் சின்னத் திருத்தங்களைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள். நாணயம், பித்தளை, துருப்பிடிக்காத எஃகு ஆகியவை உலோகக் கலவைகள் என்பதால் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். வெள்ளிபோலப் பளபளக்கும் ஆணி என்றால் அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். பூச்சில்லாத கறுத்த ஆணியாகப் பாருங்கள்.

ஒவ்வொன்றையும் என்னென்ன செய்து பார்க்கலாம்? காந்தத்தைக் கிட்டே கொண்டுபோகலாம். வளைக்கலாம், தாளில் தேய்க்கலாம். கையில் வைத்து எடை பார்க்கலாம். ஒரே அளவுள்ள துண்டு கிடைத்தால் செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமாக இருக்கும். அதைச் சொல்லாமல் கையில் கொடுத்தால் முகத்திலேயே தெரியும். அப்புறம் மின்சாரம். இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக வைத்து, இடையில் ஒரு வெள்ளை எல்இடி விளக்கும் சோதிக்கும் பொருளும் வரும்படி ஒயரால் இணையுங்கள். எரியாவிட்டால் எல்இடியின் கால்களை மாற்றிப் பிடியுங்கள். செம்பு, அலுமினியம், இரும்பு மூன்றிலும் விளக்கு எரியும்.

அடுத்து பென்சில். எரியாது என்றுதான் எல்லாரும் பந்தயம் கட்டுவார்கள். எரியும். கார்பன் உலோகம் இல்லை, ஆனாலும் கிராஃபைட் வடிவில் மின்சாரத்தைக் கடத்தும். விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். இந்தப் புதிர் நான்காம் படி வரை கையில் இருக்கட்டும்.

முடிவுகளைப் பிள்ளைகளே ஒரு தாளில் எழுதட்டும். நீங்கள் கட்டம் போட்டுக் கொடுத்தால் அது வீட்டுப்பாடமாகிவிடும். கோணலாக இருந்தாலும் அவர்கள் போட்ட கட்டமே மேல்.

பாதரசம், காரீயம் இரண்டையும் சேகரிப்பில் சேர்க்கவே கூடாது. பழைய வெப்பமானியை உடைப்பது, பேட்டரியைப் பிளந்து பார்ப்பது இரண்டும் ஆபத்து. பொத்தான் போன்ற சின்ன பேட்டரிகள் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும்.

இரண்டாம் படி: பிரித்தால் வேறு பொருள் வருகிறதா?

மேசை மேல் இருந்தவை எல்லாம் தனிமங்கள் என்று சொன்னோம். ஏன் என்று சொல்லவில்லை. இப்போது ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, இது தனிமமா என்று கேளுங்கள். கொதிக்க வைத்தால் ஆவியாகும், குளிர வைத்தால் மறுபடியும் தண்ணீர்தான். உறைய வைத்தாலும் தண்ணீர்தான். எனவே தண்ணீர் தனிமம் என்று பிள்ளைகள் வாதிட்டால் அது நல்ல வாதம். இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் பெரியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

வேண்டியவை: ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, இரு முனையும் சீவிய இரண்டு பென்சில்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, கிளிப் வைத்த இரண்டு ஒயர்கள், ஒரு துண்டு அட்டை. சோடாவைத் தண்ணீரில் கரையுங்கள். அட்டையில் இரண்டு துளை போட்டுப் பென்சில்களைச் செருகி டம்ளரின் மேல் வையுங்கள். கீழ்முனைகள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக் கூடாது. மேல்முனைகளை ஒயரால் பேட்டரியின் இரு முனைகளோடு இணையுங்கள்.

சில நொடிகளில் இரண்டு கருமுனைகளிலும் குமிழி கட்டத் தொடங்கும். பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த பென்சிலில் பொலபொலவென்று நிறைய வரும், அது ஹைட்ரஜன். நேர்முனைப் பக்கம் குறைவாக, கொஞ்சம் சோம்பலாக வரும், அது ஆக்சிஜன். கணக்குப்படி இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் வர வேண்டும். ஆனால் வீட்டில் அளந்தால் அப்படி வராது. ஆக்சிஜனில் ஒரு பகுதி தண்ணீரிலேயே கரையும், இன்னொரு பகுதி பென்சிலின் கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். எந்தப் பக்கம் அதிகம் என்று கண்ணால் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு கேள்வி அநேகமாக வரும். "தண்ணிக்குள்ள ஏற்கெனவே காத்து இருந்துச்சு, அதுதானே வெளிய வருது?" பதில் சொல்லாமல் ஒரு ஒயரைக் கழற்றுங்கள். குமிழி நின்றுவிடும். மாட்டினால் மறுபடியும் வரும். நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரிலும் செய்து காட்டுங்கள். உள்ளே இருந்த காற்று கொதிக்கும்போதே போய்விட்டது, ஆனாலும் குமிழி வருகிறது. தண்ணீரே பிரிகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வீட்டில் கிடைக்காது. நிக்கல்சனும் கார்லைலும் முதன்முதலில் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தது 1800இல். வோல்ட்டா தன் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்ததும் அதே வருடம்தான்.

மூன்று எச்சரிக்கைகள். சமையல் சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள், குளோரின் என்ற நச்சு வாயு வரும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், மூடாத பாத்திரத்தில் செய்யுங்கள். சுவரிலுள்ள மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

தண்ணீர் பிரிந்துவிட்டது, எனவே அது தனிமம் இல்லை, சேர்மம். செம்பை என்ன செய்தாலும் இப்படி வேறு இரண்டு பொருளாகப் பிரிக்க முடியாது. இந்த இடத்தில்தான் தனிமம் என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது.

காற்று எந்த வகை? அது தனிமமும் இல்லை, சேர்மமும் இல்லை, கலவை. ஒரு ராத்திரி பொறுக்க முடிந்தால் இதையும் காட்டலாம். மெல்லிய இரும்பு நாரை வினிகரில் ஐந்து நிமிடம் ஊறப்போட்டு உதறி, உயரமான கண்ணாடிக் குழாய்க்குள் அடியில் அடைத்து, குழாயைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வையுங்கள். துருப்பிடிக்காத கம்பிச் சுருள் இதற்கு ஆகாது. மறுநாள் இரும்பு துருவேறியிருக்கும், தண்ணீர் குழாயின் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதை இரும்பு எடுத்துக்கொண்டது. மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன்.

சேர்மத்தைப் புரியவைக்க எழுத்தும் சொல்லும் என்ற உவமையைப் பலரும் எடுப்பார்கள். முப்பது முதலெழுத்துகளை வைத்து எத்தனை சொற்கள், அதுபோல நூற்றுச் சொச்சம் தனிமங்களை வைத்து எத்தனை பொருள்கள் என்று. எண்ணிக்கையைக் காட்ட அது சரி. ஆனால் ஓர் இடத்தில் அது தப்பான வழியைக் காட்டிவிடும். சொல்லுக்குள் போன பிறகும் ககரம் ககரமாகவே ஒலிக்கிறது. சேர்மத்துக்குள் போன தனிமம் அப்படி இல்லை. சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மெதுவான உலோகம், தண்ணீரில் போட்டால் சீறி வெடிக்கும். குளோரின் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு நச்சு வாயு. இரண்டும் சேர்ந்தால் நாம் தினமும் நாக்கில் வைக்கும் உப்பு. உவமையைச் சொல்லுங்கள், அது எங்கே உடைகிறது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: அலுமினியத் தாளை வெட்டிக்கொண்டே போவது

இதுதான் எனக்குப் பிடித்த படி. நேரம் குறைவு என்றால் மற்றதைச் சுருக்குங்கள், இதைச் சுருக்க வேண்டாம்.

அலுமினியத் தாளில் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டையை வெட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் அதைச் சரிபாதியாக வெட்ட வேண்டும். ஒரு பாதியை வைத்துவிட்டு மற்ற பாதியை மறுபடியும் பாதியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கோடு போட்டு எண்ணட்டும். காகிதத்தில் இதைச் செய்யாதீர்கள். காகிதம் சேர்மங்களால் ஆனது, கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று தெளிவாகச் சொல்ல முடியாது. அலுமினியம் தனிமம், அதனால் முடிவு சுத்தமாக இருக்கும்.

முதல் ஐந்து வெட்டு விளையாட்டு. எட்டாவது வெட்டில் துண்டு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் ஆகிவிடும். ஒன்பதில் அரை மில்லிமீட்டர், கத்தரி அதோடு கை விரித்துவிடும். இதற்கு மேல் கற்பனையில்தான் வெட்ட வேண்டும். இன்னும் எத்தனை வெட்டில் கடைசித் துண்டு வரும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஆயிரம், லட்சம், முடிவே இல்லை என்றெல்லாம் பதில் வரும்.

இப்போது மெதுவாகச் சொல்லிக்கொண்டே போங்கள். பன்னிரண்டாவது வெட்டில் துண்டின் நீளம் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு வந்துவிடும். பதினெட்டில் ஒரு பாக்டீரியாவின் அளவு. இருபதில், கண்ணால் பார்க்கும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாகிவிடும், பள்ளிக்கூட நுண்ணோக்கியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவாகத் தெரியாது. முப்பதாவது வெட்டில் 0.28 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). ஓர் அலுமினிய அணுவின் அகலம் கிட்டத்தட்ட அதுதான். முப்பத்தொன்றாவது வெட்டை அலுமினியத்தில் போட முடியாது. ஏனென்றால் அதற்கப்புறம் கையில் இருப்பது அலுமினியம் இல்லை.

அணு என்ற பெயரை இங்கேதான் முதன்முதலாகச் சொல்ல வேண்டும். ஒரு தனிமத்தை அந்தத் தனிமமாகவே வைத்துக்கொண்டு எவ்வளவு சிறிதாக்கலாமோ, அதன் கடைசித் துண்டு.

முப்பதே வெட்டுதானா என்று ஏமாந்தவர்களுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். முப்பது முறை பாதியாக்குவது என்றால் நூறு கோடிக்கும் மேற்பட்ட பங்காக்குவது. கணக்கியில் இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போகட்டும், 107 கோடிக்கு மேல் வரும். அந்தப் பட்டையின் நீளவாக்கில் அத்தனை அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வீட்டில் பயன்படுத்தும் தாளின் தடிமன் சுமார் 16 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், அந்த மெல்லிய தடிமனுக்குள்ளேயே ஐம்பதாயிரம் அடுக்குக்கு மேல் இருக்கும்.

நான்காம் படி: அணுவுக்கு நிறம் கிடையாது

முந்தைய படி சரியாகப் போனால் அதிலிருந்தே ஒரு தப்பான எண்ணம் முளைக்கும். செம்பை வெட்டிக்கொண்டே போனால் வருவது குட்டிச் செம்பு, அது சிவப்பாகப் பளபளக்கும், தட்டினால் தகடாகும் என்று. பெரிய வகுப்பு மாணவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. நிறம், பளபளப்பு, கடினம், உருகுவது, மின்சாரம் கடத்துவது எல்லாமே கோடிக்கணக்கான அணுக்கள் கூட்டமாகச் சேர்ந்து காட்டும் குணங்கள். ஒற்றைச் செம்பு அணு சிவப்பும் இல்லை, உருகவும் உருகாது. சூடாக்கினால் அணு வீங்குவதும் இல்லை. அணுக்கள் அதிகமாக ஆடுகின்றன, சராசரி இடைவெளி கூடுகிறது, அதனால் கம்பி நீள்கிறது.

முதல் படியில் பாக்கி வைத்த பென்சிலை இங்கே எடுங்கள். வைரமும் கார்பன், பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் கார்பன். அணுக்களில் எந்த வேறுபாடும் இல்லை. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் நான்கு அணுக்களோடு இறுகப் பிணைந்திருக்கிறது. கிராஃபைட்டில் மூன்றோடு பிணைந்து தட்டைத் தட்டையாக அடுக்கி நிற்கிறது. தாளில் தேய்த்தால் அந்தத் தட்டைகள் உரிந்து கோடாக விழுகின்றன. நான்காவது இணைப்புக்குப் போகாமல் மிஞ்சிய எலக்ட்ரான்கள் தட்டைக்குள் ஓடுகின்றன, விளக்கு எரிந்தது அதனால்தான். சிறியவர்களிடம் எலக்ட்ரான் வரை போக வேண்டாம். அணு ஒன்றுதான், அடுக்கிய விதம் வேறு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வியை நீங்களே கேளுங்கள்: இரண்டு அணுக்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது? காற்று என்று பதில் வரும். சரி, காற்று எதனால் ஆனது என்று அடுத்து கேளுங்கள். அதுவும் அணுக்களால் ஆனது என்று அவர்கள் வாயாலேயே வந்துவிடும். அப்படியானால் காற்றின் அணுக்களுக்கு நடுவில்? கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். ஒன்றுமில்லை என்ற பதில் பிள்ளைகளுக்குக் கஷ்டமானது, அதை அவர்களே வந்தடையட்டும்.

ஐந்தாம் படி: களிமண் உருண்டைகள்

நான்கு நிறக் களிமண்ணும் சிறு குச்சிகளும் போதும். உலகம் முழுக்க வேதியியல் மாதிரிகளில் பழக்கத்தில் உள்ள நிறங்களையே எடுங்கள்: ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, கார்பன் கறுப்பு, நைட்ரஜன் நீலம். இது அடையாளத்துக்கு மட்டும், நிஜ நிறம் இல்லை என்று ஒருமுறை சொல்லுங்கள். போன படியில் பாடுபட்டதை இங்கே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

விதி இதுதான்: ஹைட்ரஜனில் ஒரு குச்சிதான் குத்தலாம், ஆக்சிஜனில் இரண்டு, நைட்ரஜனில் மூன்று, கார்பனில் நான்கு. எந்தத் துளையும் காலியாக இருக்கக் கூடாது. இனி அவர்கள் பாடு. ஒரு சிவப்பும் இரண்டு வெள்ளையும் சேர்ந்தால் தண்ணீர். ஒரு கறுப்பும் நான்கு வெள்ளையும் மீத்தேன். இரண்டு சிவப்பு தமக்குள் இரண்டு குச்சியால் இணைந்தால் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன். இரண்டு நீலம் மூன்று குச்சியால் இணைந்தால் நைட்ரஜன். இப்படிச் சேர்ந்து நிற்கும் அணுக்கூட்டத்துக்கு மூலக்கூறு என்று பெயர் என்பதை ஒன்றிரண்டு செய்து முடித்த பிறகு சொல்லுங்கள்.

யாராவது ஒருவர் இரண்டு சிவப்பை ஒரு குச்சியால் சேர்த்து, இரு பக்கமும் ஒவ்வொரு வெள்ளையைக் குத்தி, இது தப்பா என்று கேட்பார். விதிப்படி சரியாகவே இருக்கிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடு, காயம் துடைக்கவும் வெளுக்கவும் பயன்படும் பொருள். தண்ணீரிலும் இதிலும் இருப்பது அதே இரண்டு தனிமங்கள், ஒரே ஓர் அணுதான் கூடுதல். இதைக் குடித்தால் உடம்புக்குக் கேடு. இப்படி ஒன்று தற்செயலாக வந்தால் கூடுதல் நேரம் கொடுங்கள். குறியீடு எழுதவும் இதுவே நல்ல சந்தர்ப்பம். எச்2ஓ என்பதில் அந்த 2 எதற்கு என்பது இப்போது தானாகப் புரியும்.

அடுத்து, ஒரு மீத்தேனையும் இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் வைத்து எரித்துக் காட்டச் சொல்லுங்கள். குச்சிகளைப் பிடுங்கி மறுபடியும் கோக்க வேண்டும். ஒரு கார்பன் டை ஆக்சைடும் இரண்டு தண்ணீரும் வரும். முன்னால் ஒரு கறுப்பு, நான்கு வெள்ளை, நான்கு சிவப்பு. பின்னாலும் அதுவே. எரிந்தது எங்கும் காணாமல் போகவில்லை.

குறியீடுகளில் இரண்டு விஷயம் மட்டும் சொன்னால் போதும். முதல் எழுத்து பெரியது, இரண்டாவது இருந்தால் அது சிறியது. கோபால்ட்டின் குறியீட்டில் (Co) இரண்டாம் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டால் அது கார்பன் மோனாக்சைடு (CO) ஆகிவிடும். இரும்பு, தங்கம், சோடியம் போன்றவற்றின் குறியீடுகள் ஆங்கிலப் பெயரோடு ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் அவை லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை.

ஆறாம் படி: அணுவுக்குள்

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இது. கோள்கள் சூரியனைச் சுற்றுவது போன்ற படத்தை இங்கேயும் தவிர்க்கவே சொல்வேன். அதில் உட்கரு பக்கத்தில் பெரிதாகத் தெரியும், எலக்ட்ரான்கள் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் இருக்கும். இரண்டுமே உண்மை இல்லை.

பதிலாக, தரையில் 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இது ஒரு தங்க அணுவின் உட்கரு. இதே அளவில் அணுவின் விளிம்பு எங்கே இருக்கும், போய் நில் என்று சொல்லுங்கள். ஓர் அடி தள்ளி நிற்பார்கள், துணிந்தவர்கள் நாலடி போவார்கள். பத்து மீட்டர் நடக்க வேண்டும். அந்தப் பத்து மீட்டருக்குள் இருப்பவை 79 எலக்ட்ரான்கள் மட்டுமே. அவை இன்ன பாதையில் போகின்றன என்று சொல்ல முடியாது, இங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் அணுவின் எடையில் 99.9 சதவீதத்துக்கு மேல் அந்தப் புள்ளிக்குள் இருக்கிறது.

இது எப்படித் தெரிந்தது? ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல், கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாக வெளிவரும் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். பெரும்பாலானவை நேராக ஊடுருவிப் போயின. மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பித் தெறித்தன. 1911இல் ரூதர்ஃபோர்ட் அதிலிருந்து உட்கரு என்ற முடிவுக்கு வந்தார்.

உட்கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான் என்று இரண்டு வகைத் துகள்கள் உண்டு. அதில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: புரோட்டான்களின் எண்ணிக்கைதான் தனிமத்தைத் தீர்மானிக்கிறது. 6 என்றால் கார்பன், 8 என்றால் ஆக்சிஜன், 79 என்றால் தங்கம், 80 என்றால் பாதரசம். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் தனிமத்தின் பெயர் மாறாது. இந்த எண்ணுக்கு அணு எண் என்று பெயர். எலக்ட்ரான் அடுக்குகள், 2, 8, 8 என்ற கணக்கு எல்லாம் பின்னால் பள்ளியில் வரும், விட்டுவிடலாம்.

ஏழாம் படி: அட்டவணையைத் தாங்களே கண்டுபிடிப்பது

சுவரில் வண்ண அட்டவணை மாட்டி முதல் இருபது பெயரை ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை என்று சொல்ல மாட்டேன், பிற்பாடு உதவும். ஆனால் அட்டவணை ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது அதில் தெரியாது.

பதினாறு அட்டைகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் தனிமத்தின் பெயர், எடை (ஹைட்ரஜன் அணுவைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கில்), களிமண் விளையாட்டில்போலக் குத்தக்கூடிய குச்சிகளின் எண்ணிக்கை. லித்தியம் 7, குச்சி 1. பெரிலியம் 9, குச்சி 2. போரான் 11, குச்சி 3. கார்பன் 12, குச்சி 4. நைட்ரஜன் 14, குச்சி 3. ஆக்சிஜன் 16, குச்சி 2. ஃபுளோரின் 19, குச்சி 1. அடுத்து சோடியம் 23, மெக்னீசியம் 24, அலுமினியம் 27, சிலிக்கான் 28, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, குளோரின் 35.5. இவற்றுக்கும் குச்சிகள் அதே வரிசையில் 1, 2, 3, 4, 3, 2, 1. கடைசியில் பொட்டாசியம் 39, குச்சி 1, கால்சியம் 40, குச்சி 2.

கலைத்துக் கொடுங்கள். எடை வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். குச்சி எண் ஏறி இறங்கி மறுபடியும் ஏறுவதை யாராவது கவனிப்பார்கள். ஒவ்வொரு முறை புதிதாக ஏறத் தொடங்கும்போதும் அடுத்த வரிசைக்குப் போகச் சொன்னால் லித்தியத்துக்குக் கீழே சோடியம், அதற்குக் கீழே பொட்டாசியம் வந்து நிற்கும். மூன்றும் தண்ணீரோடு சண்டை போடும் மென்மையான உலோகங்கள். ஃபுளோரினுக்குக் கீழே குளோரின், இரண்டும் நச்சு வாயுக்கள்.

இப்போது சிலிக்கான் அட்டையை ரகசியமாக எடுத்துவிட்டு மறுபடியும் அடுக்கச் சொல்லுங்கள். அலுமினியத்துக்கு அப்புறம் 4 இல்லாமல் நேரே 3 வரும், இடிக்கும். ஓர் இடம் காலி விட்டால்தான் மற்றவை பொருந்தும். காணாமல் போன அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று கேளுங்கள். எடை 27க்கும் 31க்கும் நடுவில், குச்சி 4, கார்பனின் சொந்தக்காரர். 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் செய்ததும் இதேதான். அப்போது தெரிந்திருந்தவை 63 தனிமங்கள். அவர் அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் உலோகத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு இருக்கும் என்று எழுதினார். 1875இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெகாக் டி புவாபோத்ரான் காலியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அளந்தார். மெண்டலீவ் அந்த உலோகத்தைப் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் உங்கள் அளவு தவறாக இருக்கும், இன்னும் சுத்தப்படுத்தி அளந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். மறுபடி அளந்தபோது 5.9 வந்தது. பிள்ளைகளிடம் இந்தக் கதையை அட்டை விளையாட்டுக்கு அப்புறம் சொல்லுங்கள், முன்னால் சொன்னால் பாதிச் சுவை போய்விடும்.

நாம் எடைப்படி அடுக்கினோம். இன்றைய அட்டவணை அணு எண்படி அடுக்கியது, 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி செய்த ஆய்வுகள்தான் அதற்கு வழி திறந்தன. ஹீலியம், நியான், ஆர்கான் ஆகியவற்றின் அட்டைகளை இப்போது கொடுங்கள், குச்சி எண் பூஜ்யம். எங்கே வைப்பது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எதிர்பார்க்க வேண்டிய சில கேள்விகள்

"அணுவை யாராவது பாத்திருக்காங்களா?" ஒளியால் பார்க்க முடியாது, இருபதாவது வெட்டிலேயே அது முடிந்துவிட்டது. 1981இல் உருவான ஒரு கருவி மிகக் கூர்மையான ஊசிமுனையைப் பரப்பின் மேல் தொடாமல் நகர்த்தி, மேடு பள்ளங்களை மின்னோட்டத்தால் உணர்கிறது. கணினி அதைப் படமாக்குகிறது. 1989இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் அந்த ஊசியால் 35 செனான் அணுக்களை நகர்த்தித் தங்கள் நிறுவனத்தின் பெயரையே எழுதினார்கள்.

"நானும் தனிமம்தானா?" 30 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் சுமார் 19 கிலோ ஆக்சிஜன், 5 கிலோ கார்பன், 3 கிலோ ஹைட்ரஜன், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய நைட்ரஜன், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய கால்சியம். பத்தொன்பது கிலோ வாயுவா என்று சிரிப்பார்கள். இரண்டாம் படியை நினைவுபடுத்துங்கள். அதில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கிறது, அங்கே அது வாயு இல்லை.

"எல்லாமே அணுவா?" இல்லை. ஒளி, வெப்பம், ஒலி, நிழல் எதுவும் பொருள் இல்லை. லவாய்சியேயின் 33 பெயர்ப் பட்டியலில் ஒளியும் வெப்பமும் தனிமங்களாக இடம்பெற்றிருந்தன என்பதைச் சொன்னால் மகிழ்ச்சியாகக் கேட்பார்கள்.

"புதுசா ஒண்ணு கண்டுபிடிக்க முடியுமா?" இப்போதைய கடைசி எண் 118, ஓகனெசான். 2016இல் பெயர் பெற்ற நான்கில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே அணுக்கள் உருவாகியிருக்கின்றன, அவையும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சிதைந்துவிடுகின்றன. 119ஐ உருவாக்கும் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. அது வந்தால் அட்டவணையில் எங்கே வைப்பது என்று திருப்பிக் கேளுங்கள். ஏழாவது வரிசை நிரம்பிவிட்டதால் எட்டாவது வரிசை தொடங்க வேண்டும், லித்தியம், சோடியம், பொட்டாசியம் நிற்கும் அதே முதல் நிரலில், ஃபிரான்சியத்துக்குக் கீழே.